கல்லும் கதையும்: வாலியர் வீட்டுக் கதவு

ஐந்து நாளாக மலையில் மழை விடவில்லை. மூன்று நாளாகக் கரண்டும் இல்லை. ஆசிரியர் குழு அனுப்பிய கடிதக் கட்டை அடுப்படியில் உட்கார்ந்து, ஈர விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே படித்து முடித்தேன். பாதிக்கு மேல் புதையல் பற்றிய கேள்விகள். தங்கம் விற்கிற விலையில் யாரைக் குறை சொல்வது! இந்த மாதம் எடுத்துக்கொண்டவற்றுக்குப் பதில் இதோ. விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாண்டிக்குடிப் பக்கம் நண்பர்களோடு போனபோது, பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய சின்னச் சின்ன வீடுகளைப் பார்த்தோம். டீக்கடைக்காரர் 'வாலியர் வீடு, குள்ளமானவங்க கட்டினது' என்றார். யூடியூபில் ஒருவர் வேற்றுக்கிரகவாசிகள் கட்டியது என்கிறார். எது உண்மை டீச்சர்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

அவ்வளவு தூரம் பறந்து வந்தவர்கள் மூன்றடி உயரத்தில் ஒரு கல் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத் திரும்பிப் போவானேன் தம்பி? டீக்கடைக்காரர் சொன்னதாவது கேட்க நன்றாக இருக்கிறது.

அவை வீடுகளே இல்லை. இறந்தவர்களுக்காக எழுப்பியவை. பலகைக்கல் சுவரும் மூடுகல்லுமாகத் தரைக்கு மேலே தெரிந்தால் கல்திட்டை. மண்ணுக்குள் பெட்டி மாதிரிப் பதித்திருந்தால் கல்பதுக்கை. சுற்றிலும் உருண்டைக் கற்களை அடுக்கியிருந்தால் கல்வட்டம். இரும்பு புழக்கத்துக்கு வந்த காலத்திலிருந்து சங்க காலம் வரைக்கும் தென்னாட்டில் இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. பழனி மலையில் இருப்பவற்றை மேடு பள்ளமெல்லாம் நடந்து அளந்து எழுதியவர்கள் ஆங்லாட் என்ற பாதிரியாரும் நியூட்டன் என்பவரும். இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் அதை வெளியிட்டது. பிற்பாடு பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார்கள். அவர்களே அடிவாரத்தில், பழனிக்குப் பக்கத்துப் பொருந்தலில் ஒரு ஈமக்குழியைத் திறந்தபோது நாலு கால் வைத்த ஜாடி ஒன்றில் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. கூடவே தமிழ்ப் பிராமி எழுத்து கீறிய ஒரு மண் தாங்கி. அந்த நெல்லைச் சோதித்ததில் கி.மு. 490 என்று வந்தது. செத்தவருக்குச் சோற்றுக்கு நெல் வைத்தவர்கள் நம் ஆட்கள்தான், வேறு யாரும் இல்லை.

குள்ளர் கதைக்கு வருகிறேன். எங்கள் அப்பத்தா சொன்ன கதை இது. முன்னொரு காலத்தில் நெருப்பு மழை பெய்யப்போகிறது என்று தெரிந்ததும், முழங்கால் உயரமே இருந்த வாலியர்கள் கல்லால் வீடு கட்டி உள்ளே போய்ப் பதுங்கினார்கள். மழை பெய்தது. கல் சூடேறி எல்லோரும் உள்ளேயே வெந்து போனார்கள். அதனால் அந்தக் கல்லைத் தொடக்கூடாது, சூடு இன்னும் உள்ளே இருக்கிறது. இப்படிச் சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையை என் கன்னத்தில் வைப்பாள். அடுப்பில் காய்ந்த கை. நான் அலறுவேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு துவைகல் உண்டு. ஆள் நீளம், நாலு விரல் கனம், ஒரு பக்க ஓரத்தில் அரைவட்டமாகக் கடித்தெடுத்த மாதிரி ஒரு வளைவு. சோப்புத் தண்ணீர் அந்த வளைவு வழியாக இறங்கி வாழைக்குப் போகும். யாரோ தண்ணீர் வடிவதற்கென்றே வெட்டிவைத்தது போல அத்தனை வசதி. அதில் முப்பது வருஷம் துணி துவைத்திருக்கிறேன். சில வருஷம் முன்பு ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இந்தப் பக்கம் கல்திட்டைகளைப் பார்க்க வந்தவள், காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். போனவள் வரவில்லை. எட்டிப் பார்த்தால், அந்த வளைவுக்குள் கையை விட்டு விளிம்பைத் தடவிக்கொண்டிருக்கிறாள். "டீச்சர், இந்தக் கல் உங்களுக்கு எங்கே கிடைத்தது?"

கல்திட்டையின் ஒரு பக்கச் சுவரில் வட்டமாகத் துளை இருக்கும், இடுதுளை என்பார்கள். சில இடங்களில் இரண்டு பலகைகளில் அரை அரையாக வெட்டிச் சேர்த்து வைத்திருப்பார்கள். நான் இத்தனை வருஷம் சோப்புத் தண்ணீர் வடித்தது அதன் வழியாகத்தான்.

காப்பிக் களம் போட்ட வருஷம் அப்பா நாலு ஆளையும் கடப்பாரையையும் வைத்து மேட்டிலிருந்து அதை இறக்கினார் என்பது எனக்குத் தெரியும். அப்பா எட்டாவது வரை படித்தவர், பேய் பிசாசெல்லாம் கிடையாது என்பார். படிக்காத அப்பத்தா சாகிற வரைக்கும் அந்தக் கல்லில் ஒரு துணிகூடத் துவைக்கவில்லை. "வாலியன் கதவுல நான் சேலை அலச மாட்டேன்" என்று ஓடைக்கு நடப்பாள், அந்த முழங்காலோடு. நானோ வகுப்பில் எகிப்துப் பிரமிடைப் பலகையில் வரைந்துவிட்டு, சாயங்காலம் வந்து அதில் சேலை அலசினேன்.

எங்கள் மேட்டில் அப்படி ஏழு வீடு இருந்ததாக அப்பத்தா சொல்வாள். இப்போது முழுசாக இருப்பது ஒன்று. கதையை நம்பினவர்கள் காலத்தில் ஏழும் இருந்தன.

எகிப்து மன்னன் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தவர்கள் எல்லோரும் சாபத்தால் இறந்துபோனது உண்மையா?
– வாசகி, வத்தலக்குண்டு

'எல்லோரும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஹோவர்டு கார்ட்டர் அந்தக் கல்லறையின் முதல் படியைக் கண்டது 1922 நவம்பர் 4. சாபம் முதலில் பிடிக்க வேண்டியவர் அவர்தான். 1939 வரைக்கும் இருந்துவிட்டு 64 வயதில் இறந்தார். பணம் போட்ட கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில் செத்தது நிஜம். கன்னத்தில் கொசு கடித்த இடத்தைச் சவரக்கத்தி கீறிவிட்டது, சீழ் வைத்து ரத்தத்தில் விஷம் ஏறியது. பெனிசிலின் இல்லாத காலம். அவருக்கு முன்பிருந்தே உடம்பு சரியில்லை, எகிப்துக்கு வந்து தங்கியதே அதற்காகத்தான். அவரோடு கல்லறைக்குள் நுழைந்த அவருடைய மகள் 1980 வரை வாழ்ந்தார். திறந்தவர்கள் மேல் சாபம் என்று எந்த எழுத்தும் அந்தக் கல்லறையில் இல்லை. செய்தி முழுவதையும் ஒரே லண்டன் பத்திரிகைக்கு விற்றுவிட்டார் கார்னர்வன். மற்ற பத்திரிகைக்காரர்களும் தினம் எதையாவது எழுதியாக வேண்டுமே!

எங்கள் ஊரிலும் ஒருவர் உண்டு. வாலியர் வீட்டைத் தோண்டினார், ரத்தம் கக்கிச் செத்தார் என்பார்கள். தோண்டியது உண்மை. எண்பதைத் தாண்டி, பேரன் கல்யாணத்தில் பந்தி பரிமாறிவிட்டுத்தான் போனார். கக்கியது வெற்றிலைச் சாறு.

துட்டன்காமனிடம் சாபத்தைவிட நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. அவன் தொடையருகே ஒரு இரும்புக் கத்தி வைத்திருந்தார்கள். அவன் வாழ்ந்தது சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன். எகிப்தில் இரும்பை உருக்கத் தெரியாத காலம். 2016-இல் கதிர் பாய்ச்சிச் சோதித்தபோது நிக்கல் நிறையக் கலந்த இரும்பு என்று தெரிந்தது. விண்கல். வானத்திலிருந்து விழுந்ததைத் தட்டிக் கத்தியாக்கியிருக்கிறார்கள். திண்டுக்கல் தம்பி, உங்கள் யூடியூப்காரருக்கு இதை அனுப்புங்கள், வேற்றுக்கிரகம் என்று இதில் தாராளமாகப் பேசலாம்.

எகிப்து மம்மியின் மூக்கில் நம் ஊர் மிளகு இருந்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, கட்டுக்கதைதானே?
– மளிகைக்கடை வைத்திருப்பவர், ஒட்டன்சத்திரம்

வாட்ஸ்அப்பில் வந்தும் உண்மையாக இருக்கிற அபூர்வமான விஷயங்களில் இது ஒன்று.

இரண்டாம் ராமேசஸ் கி.மு. 1213-இல் இறந்தான். தொண்ணூறு வயதுக் கிழவன், கழுகு மூக்கு. உடலைப் பதப்படுத்தித் துணி சுற்றும்போது மூக்கு சப்பையாகிவிடும். அதற்காக உள்ளே மிளகைத் திணித்திருக்கிறார்கள். 1976-இல் அந்த உடலில் பூஞ்சை பிடித்துவிட்டதென்று பாரிசுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தபோது இதெல்லாம் தெரிந்தது. மூவாயிரத்து இருநூறு வருஷம் ஆகியும் மூக்கு கழுகு மூக்காகவே இருக்கிறது. விமானத்தில் ஏற்ற அவனுக்குப் பாஸ்போர்ட் எடுத்தார்கள், அதில் 'தொழில்: அரசர், காலமானவர்' என்று போட்டிருந்தது என்றும் ஒரு படம் சுற்றும். அந்தப் படம் பிற்காலத்தில் யாரோ கற்பனையாகச் செய்தது. பாரிஸ் விமான நிலையத்தில் ராணுவ மரியாதையோடு வரவேற்றது மட்டும் நடந்தது.

மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமான கொடி. எந்தச் சரிவில் பறித்தது என்று மூக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் 'ஆடலூர் மிளகு', 'தாண்டிக்குடி மிளகு' என்று கடையில் போர்டு வைத்துவிடாதீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். என் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கிற கொடியில் தை, மாசியில் ஏணி வைத்துக் காய் பறிக்கிறோம். காலில் மிதித்து உதிர்த்து, களத்தில் நாலைந்து நாள் வெயிலில் போட்டால் பச்சை போய்ச் சுருங்கிக் கறுக்கிறது. பல் நடுவில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், அதுதான் பதம். அந்தக் கிழவன் மூக்குக்குப் போனதும் இப்படி யாரோ கடித்துப் பார்த்த மிளகாகத்தான் இருக்கும்.

ரோமானியர் காலத்தில் இது பெரிய வியாபாரமாகிவிட்டது. எகிப்தில் செங்கடல் ஓரத்துப் பெரனிகே துறைமுகத்தில், ஒரு கோயில் வளாகத்துக்குள் புதைத்த இந்தியச் சாடியில் சுமார் ஏழரைக் கிலோ மிளகை எடுத்தார்கள். 'கொற்றன்' என்று தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடும் அங்கே கிடைத்தது. மேலே குசேர் அல் காதிம் என்ற துறைமுகத்தில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள். தாய்லாந்துப் பக்கம் 'பெரும்பதன் கல்' என்று எழுதிய உரைகல், ஒரு தட்டாருடையது. ரோமில் பிளினி என்ற பெரியவர் புலம்பினார்: இதில் காரத்தைத் தவிர என்ன இருக்கிறது, இதற்குப் போய் இந்தியா வரைக்கும் போகிறார்களே என்று. அவர் எழுதியபடி ஒரு ராத்தல் மிளகு நாலு தினாரி, திப்பிலி பதினைந்து. திப்பிலியை நீங்கள் இப்போது என்ன விலைக்கு விற்கிறீர்கள்?

ஆதிச்சநல்லூர்ப் பக்கம் எங்கள் பாட்டி சொல்வார்: அந்தக் காலத்தில் சாவே கிடையாது, கிழடுகள் சுருங்கிச் சுருங்கிக் குரங்குக்குட்டி மாதிரி ஆனதும் தாழியில் உட்கார வைத்து, சோறு தண்ணீர் வைத்துப் புதைத்துவிடுவார்கள் என்று. உயிரோடா புதைத்தார்கள்?
– இல்லத்தரசி, ஸ்ரீவைகுண்டம்

இல்லை. ஆனால் பாட்டி அந்தக் கதைக்கு எப்படி வந்தார் என்பது எனக்குப் புரிகிறது. பெரிய பானை, சின்ன வாய். உள்ளே மனித எலும்பு, பக்கத்தில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். வளர்ந்த ஆள் எப்படி உள்ளே போயிருப்பார்? சுருங்கித்தான் போயிருக்க வேண்டும். சோற்றுக் கிண்ணம் எதற்கு? உயிர் இருந்திருக்க வேண்டும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இந்த மலையில் வாசல் சின்னதாக இருந்ததால் குள்ளர் வந்தார்கள், உங்கள் ஊரில் பானை வாய் சின்னதாக இருந்ததால் கிழவி சுருங்கினாள்.

பல தாழிகளில் இருப்பது முழு உடலே அல்ல. உடலை வேறிடத்தில் போட்டுவைத்து, பிறகு எலும்பை மட்டும் பொறுக்கி வைத்தவை. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டிப் பொருள்களை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தங்க நெற்றிப்பட்டங்கள், இரும்புக் கருவிகள், வெண்கலச் சாமான்கள் கிடைத்தன. 2004-இல் மறுபடி ஆரம்பித்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டார்கள்.

தாழி யாருக்கு என்பதற்கு புறநானூற்றிலேயே சாட்சி உண்டு. கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி குயவரிடம் போய் நிற்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வந்த பல்லி மாதிரி அவனோடு இத்தனை தூரம் வந்துவிட்டேன், தாழியைக் கொஞ்சம் அகலமாக வனைந்துவிடு, நானும் சேர்ந்து இருக்க வேண்டும் என்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் கடைசி பெஞ்சில் ஒருத்தி மூக்கை உறிஞ்சுவாள்.

ஹோமர் கதையை நம்பித் தோண்டியதால்தானே டிராய் நகரம் கிடைத்தது? அதேபோல் நம் புராணங்களை நம்பித் தோண்டினால் என்ன தப்பு?
– வங்கி ஊழியர் (ஓய்வு), பழனி

நம்பினது தப்பில்லை சார், தோண்டின விதம்தான் தப்பு.

ஷ்லீமன் என்ற ஜெர்மானிய வியாபாரி, டிராய்ப் போரைப் பாடிய கிரேக்கக் கவிஞர் ஹோமரை எழுத்துக்கு எழுத்து நம்பினார். துருக்கியில் ஹிசார்லிக் மேடுதான் டிராய் என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் பிராங்க் கால்வர்ட். மேட்டில் ஒரு பகுதி கால்வர்ட்டுக்கே சொந்தம், அவர் ஏற்கெனவே அங்கே தோண்டியும் பார்த்திருந்தார். பேர் என்னவோ ஷ்லீமனுக்குத்தான் போனது. பழைய நகரம் என்றால் அடியில்தான் இருக்கும் என்று 1871-லிருந்து மேட்டின் குறுக்கே பெரிய அகழி வெட்டினார். அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது நகரங்கள். 1873-இல் தங்கம் கிடைத்ததும் 'பிரியாம் மன்னனின் புதையல்' என்று அறிவித்தார். அது டிராய்ப் போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முந்தியது என்று பிறகு தெரிந்தது. அவர் தேடிய நகரம் மேலே இருந்தது. அதில் ஒரு பகுதியைக் குப்பை என்று வாரிக் கொட்டிவிட்டுத்தான் அவர் கீழே இறங்கியிருந்தார். தங்கம் பெர்லினுக்குப் போய், 1945-இல் ரஷ்யர்கள் கைக்கு மாறி, இன்றைக்கு மாஸ்கோவில் இருக்கிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் கடப்பாரை ஞாபகம் வருகிறது. ஒருவர் நம்பித் தோண்டினார், ஒருவர் நம்பாமல் தோண்டினார். கல்லுக்கு என்ன வித்தியாசம்?

சீனாக்காரர்கள் செய்வதைப் பாருங்கள். 1974-இல் கிணறு வெட்டிய விவசாயிகளுக்குச் சுடுமண் வீரன் ஒருவன் தட்டுப்பட்டான். இப்போது எட்டாயிரம் வரை இருக்கலாம் என்று கணக்கு. எல்லாம் முதல் பேரரசனுக்குக் காவல். அவன் படுத்திருக்கிற மேடு பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே பாதரசத்தால் ஆறுகள் ஓடவிட்டிருந்தார்கள் என்று சுமார் நூறு வருஷம் கழித்து சிமா சியென் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். கட்டுக்கதை என்றுதான் நினைத்தார்கள். மேட்டு மண்ணைச் சோதித்தால் பாதரசம் கூடுதலாகத்தான் இருக்கிறது. அப்படியும் திறக்கவில்லை. வீரர்களை வெளியே எடுத்தபோது அவர்கள் மேல் பூசியிருந்த வண்ணம் காற்றுப் பட்டுச் சில நிமிஷத்தில் உரிந்து விழுந்துவிட்டது. ஒருமுறை பட்டது போதும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். கதை சொன்னதை நம்பியும் தோண்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம், யோசியுங்கள்!

ஊழிப் பெருவெள்ளம் எல்லா நாட்டுக் கதையிலும் வருகிறது. குமரிக்கண்டமும் அப்படி மூழ்கியதுதானா?
– தமிழ் இலக்கிய மாணவி, மதுரை

முதலில் வெள்ளம். லண்டனில் ரூபாய் நோட்டு மாதிரியான அச்சுக்குச் செதுக்குகிற வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்மித் என்ற பையன், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அருங்காட்சியகத்துக்கு ஓடி ஓடி ஈராக் பக்கத்துப் பழைய களிமண் பலகைகளில் இருக்கிற ஆப்பெழுத்தைப் படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டான். பிறகு அங்கேயே வேலையும் கிடைத்தது. 1872-இல் நினிவேயிலிருந்து வந்த ஒரு களிமண் பலகையில், கப்பல் மலைமேல் தட்டி நின்றது, புறாவை விட்டார்கள், அது உட்கார இடமில்லாமல் திரும்பி வந்தது என்று படித்தார். பைபிளில் வருகிற நோவா கதை, ஆனால் அந்த ஊர்ப் பழைய காவியமான கில்கமேஷ் கதைக்குள்ளே! சந்தோஷத்தில் அறைக்குள் குதித்துச் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார் என்று சொல்வார்கள். காணாமல் போன துண்டைத் தேட ஒரு பத்திரிகை ஆயிரம் கினி கொடுத்து அவரை ஈராக்குக்கு அனுப்பியது. போய்ச் சில நாளிலேயே, மலை போன்ற குப்பையிலிருந்து, வெள்ளக் கதையின் விட்டுப்போன வரிகளை எடுத்துவிட்டார். 36 வயதில் அந்தப் பக்கத்திலேயே வயிற்றுப்போக்கில் இறந்தார்.

யூப்ரடீஸ், டைகரிஸ் இரண்டும் கரை புரளுகிற ஊரில் வெள்ளக் கதை பிறந்தது அதிசயமில்லை. இந்த மலையில் நெருப்பு மழை.

இனி குமரி. இதற்கு வரப்போகிற கடிதங்களுக்கு இப்போதே உறை வாங்கி வைத்துவிட்டேன். குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்கிற 'லெமூரியா' என்ற பெயர் 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தது. மடகாஸ்கரில் லெமூர் என்ற தேவாங்கு ஜாதிப் பிராணி இருக்கிறது, அதே இனத்தின் தடயம் இந்தியாவிலும் இருக்கிறது, நடுவில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்றார். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்று பிறகு தெரிந்ததும் அந்தப் பாலம் தேவைப்படாமல் போயிற்று. ஆனால் நம் பழைய நூல்கள் சொல்வது கண்டத்தைப் பற்றி அல்ல. ஒரு ஆறும் மலையும் நிலமும் கடலுக்குப் போனதைப் பற்றி. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இப்போதையதைவிட நூறு மீட்டருக்கும் கீழே இருந்தது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது உண்மை. அந்த ஞாபகம்தான் நம் நூல்களில் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கலாம் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். கண்டம் வேண்டாம் கண்ணு, கரை போதும்.

மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் கல்வட்டம் இருக்கிறது. என் நிலத்தில் கிடைப்பது எனக்குத்தானே?
– விவசாயி, கோத்தகிரி

அந்தக் காசுக்கு ஒரு நல்ல கவாத்துக் கத்தியும் மழைக்கோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே. 1878-இலேயே புதையல் சட்டம் போட்டுவிட்டார்கள். மண்ணில் மறைந்திருந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்தே ரூபாய். உங்கள் நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் அந்த மலைக் கல்வட்டங்கள் பலவற்றைத் தோண்டிவிட்டார். எருமை, யானை, குதிரைக்காரன் எல்லாம் மண்ணில் செய்து மூடிமேல் ஒட்டிய பானைகள் அவருக்குக் கிடைத்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். கொம்பு வளைந்த எருமையைப் பார்த்தால் நேற்று சந்தையில் பார்த்த மாதிரி இருக்கும்.

சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியுமா?
– வாசகர், தேனி

தெரியாது. 2003-இல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவெய், பூமிக்குப் பக்கத்திலேயே சுற்றிவிட்டு வந்து, தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். நீளம் இருந்து என்ன, அகலம் ஒரு ரோடு அளவுதானே.

பிரமிடைக் கட்டியவர்கள் அடிமைகளா?
– பள்ளி ஆசிரியர், நிலக்கோட்டை

நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன். 1990-இல் பிரமிடுக்குப் பக்கத்தில் ஒரு குதிரை மண்சுவரில் கால் இடறியது. தோண்டினால் வேலையாட்களின் கல்லறைகள். ராஜாவின் நிழலில் இடம் கொடுத்து, ரொட்டியும் பீரும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். கை உடைந்து, கட்டுப்போட்டு, கூடின எலும்புகள்கூட இருந்தன. 2013-இல் செங்கடல் ஓரம் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில் மெரர் என்ற மேஸ்திரியின் நாட்குறிப்பு இருந்தது. இன்றைக்குத் தூராவில் கல் ஏற்றினோம், இன்றைக்குக் கீசாவில் இறக்கினோம் என்று தினமும் எழுதியிருக்கிறார். நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய டிரிப் ஷீட். உங்கள் மாணவர்களுக்கு நீங்களாவது சரியாகச் சொல்லுங்கள்.

டீச்சர், வாலியர் வீட்டுக்குள் போய்ப் படுத்தால் என்ன ஆகும்?
– ஏழாம் வகுப்பு மாணவி, பண்ணைக்காடு

சளி பிடிக்கும்.

உன்னைவிடச் சின்ன வயதில் ஒரு மழைக்கு நான் போய்ப் படுத்தேன். அப்பத்தா சொன்ன சூடு இருக்கும் என்று நினைத்தேன், கல் ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளே ஒரு பல்லி, கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை. முழங்கால் உயர ஆள் படுக்கிற இடமென்று சொன்னார்களே என்று காலை நீட்டிப் பார்த்தேன். ஒன்பது வயதுக்காரி, பாதம் வெளியே போய் மழையில் நனைந்தது. அப்போது நான் சுருட்டிக்கொண்டு எந்தப் பலகையில் முதுகைச் சாய்த்தேனோ, அதில்தான் அந்த வட்டத் துளையின் பாதி இருந்தது. அடுத்த வருஷம் அப்பா களம் போட்டார்.